டவுட்டுக்குப் பெயர் வைத்தவர்

நம்ம கிளாஸில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘டவுட்’ என்ற வார்த்தை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். லெக்சர் முடிந்ததும் கை தூக்குபவருக்கு டவுட். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப் குரூப் முழுக்க டவுட். ஆனால் ஒரு இங்கிலாந்துக்காரரிடம் போய் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவர் லேசாகத் துணுக்குறுவார். நாம் கேட்பது ஒரு சாதாரணக் கேள்வி. அவர் காதில் விழுவதோ, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பது.

பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்தில் வினா ஆறு வகை என்று படித்திருப்போம். அந்தக் கணக்கில் நம்ம டவுட் எல்லாம் பெரும்பாலும் அறியாவினா. தெரியவில்லை, சொல்லுங்கள், அவ்வளவுதான். பாம்பா கயிறா என்று இரண்டுக்கு நடுவில் நிற்கிறோமே, அதுதான் ஐயவினா. ஆங்கில ‘டவுட்’ இந்த இரண்டாவது ஜாதி. அது லத்தீனிலிருந்து வந்த சொல், உள்ளே ‘இரண்டு’ என்ற எண் ஒளிந்திருக்கிறது. உச்சரிக்காத ஒரு ‘பி’ அதன் ஸ்பெல்லிங்கில் இருக்கிறதே, அது முதலில் கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று பிற்காலத்தில் படித்தவர்கள் சொருகியது.

நம்பாமல் இருப்பதற்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட வார்த்தைகள். டவுட், டிஸ்ட்ரஸ்ட், சஸ்பெக்ட், ஸ்கெப்டிக், இன்ஃபிடல், ஏதீஸ்ட். இவ்வளவு இருந்தும் ஒன்றுகூடத் தனக்குப் பொருந்தவில்லை என்று ஒருத்தர் புதிதாக ஒரு வார்த்தை செய்தார். அவர் மொழி ஆராய்ச்சியாளர் இல்லை. ஜெல்லி மீனை அறுத்துப் பார்த்த ஒரு கப்பல் டாக்டர். பெயர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி.

1825 மே 4, லண்டனுக்கு மேற்கே அப்போது கிராமமாக இருந்த ஈலிங்கில், ஒரு கசாப்புக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் பிறந்தார். அப்பா அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மகன் அதே பள்ளியில் இரண்டு வருஷம் படித்தார், அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. மீதியெல்லாம் தானே படித்தது. ஜெர்மன்கூட அப்படித்தான் கற்றுக்கொண்டார். நம்மவர்களுக்குப் பிடிக்கிற ஒரு செய்தி: அவர் ஆசைப்பட்டது மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆக. அக்காக்களைக் கட்டியவர்கள் டாக்டர்கள் என்பதால் வண்டி மருத்துவம் பக்கம் திரும்பிவிட்டது. உயிருள்ள மெஷின்களின் இன்ஜினியரிங் என்றுதான் உடற்கூற்றைப் பார்த்ததாகப் பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். நம்ம வீடுகளில் கதை தலைகீழாக நடக்கும்.

1842-ல் ஸ்காலர்ஷிப்பில் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இருபது வயதில் முடியின் வேரைச் சுற்றியுள்ள உறையில் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு அடுக்கைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் அதற்கு ஹக்ஸ்லி லேயர் என்றே பெயர். பேர் கிடைத்தது, காசு இல்லை. கடன் வேறு. கடற்படையில் சேர்ந்தார்.

1846 டிசம்பரில் ராட்டில்ஸ்நேக் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. பவளத்திட்டுகளுக்கு நடுவே கப்பல் போகும் வழியை அளந்து வரைபடம் போடும் வேலை. ஹக்ஸ்லி அதில் உதவி சர்ஜன்தான், உயிரியல் ஆராய்ச்சிக்கு வேறொருவரை நியமித்திருந்தார்கள். ஆனால் ஹக்ஸ்லி ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஜெல்லி மீன் மாதிரியான உயிர்கள் பிடித்த கொஞ்ச நேரத்தில் கெட்டுப்போகும். லண்டன் மியூசியத்தில் உட்கார்ந்து அவற்றைச் சரியாகப் பார்க்க முடியாது, கப்பலில்தான் முடியும். மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து, அவற்றின் உடம்பு அடிப்படையில் இரண்டே படலங்களால் ஆனது என்று காட்டினார். கட்டுரைகளை ஊருக்கு அனுப்பினார். பதிலே இல்லை. அச்சானதா, குப்பைக்குப் போனதா என்று தெரியாமலே வருஷங்கள் ஓடின. 1850 கடைசியில் திரும்பி வந்து பார்த்தால், ஒரு கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழிலேயே வந்திருக்கிறது. 1851-ல், இருபத்தாறு வயதில், அந்தச் சொசைட்டியின் உறுப்பினர். அடுத்த வருஷம் அவர்களுடைய மெடல்.

மெடலை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாதே. 1847-ல் சிட்னியில் ஹென்ரியட்டா ஹீத்தார்ன் என்ற பெண்ணைச் சந்தித்து, கல்யாணம் செய்துகொள்வதாக இருவரும் முடிவு செய்திருந்தார்கள். நிலையான வேலை கிடைத்தால்தான் அவளை அழைத்துவர முடியும். டொரான்டோவுக்கு அப்ளை செய்தார், கிடைக்கவில்லை. அபர்டீன் இல்லை, கார்க் இல்லை, லண்டன் கிங்ஸ் காலேஜும் இல்லை. பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1854-ல் கடற்படை மறுபடி கப்பலேறச் சொன்னது. மாட்டேன் என்றார், பெயரை அடித்துவிட்டார்கள். அதே வருஷம் லண்டனில் சுரங்கப் பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் வேலை கிடைத்தது. ஆசைப்பட்ட இன்ஜினியரிங் இல்லாவிட்டாலும் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார்! 1855-ல் கல்யாணம், எட்டு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு. உடல்நிலை மோசமாக வந்து இறங்கிய ஹென்ரியட்டாவைப் பார்த்த டாக்டர் ஆறு மாசம்கூடத் தாங்க மாட்டார் என்றாராம். அவர் 1914 வரை இருந்தார்.

1859-ல் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. ஹக்ஸ்லியை டார்வினின் புல்டாக் என்று சொல்வார்கள், இணையத்தில் தேடினால் முதலில் வருவதும் அதுதான். கொஞ்சம் அநியாயமான பட்டம். புல்டாக் யோசிக்காது. ஹக்ஸ்லி புத்தகத்தைப் படித்ததுமே இரண்டு இடங்களில் பென்சில் வைத்தவர். ஒன்று, இயற்கை எப்போதும் சின்னச் சின்ன அடியாகத்தான் போகும், தாவாது என்று டார்வின் அடித்துச் சொன்னது. அது தேவையில்லாத சுமை என்று ஹக்ஸ்லி டார்வினுக்கே கடிதம் எழுதினார். இரண்டாவது இன்னும் கனமானது. ஒரே இனத்திலிருந்து, மனிதன் பொறுக்கி வளர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி போட முடியாத இரண்டு வகைகளை இதுவரை யாரும் உண்டாக்கிக் காட்டவில்லை. அதைக் காட்டும் வரை இயற்கைத் தேர்வு என்பது நல்ல ஹைப்பாதெஸிஸ், நிரூபணமான உண்மை இல்லை. பரிணாமத்துக்காக ஊர் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே இந்த ஒரு புள்ளியை அவர் விடவில்லை. டார்வினுக்கு இது உறுத்தலாகத்தான் இருந்தது.

இதுதான் டவுட். பாம்புக்கும் கயிறுக்கும் நடுவில் நின்று, எந்தச் சோதனை செய்தால் தெரியும் என்றும் சொல்வது.

ரிச்சர்ட் ஓவன் விஷயம் வேறு. ஓவன் அந்தக் காலத்து இங்கிலாந்தின் மிகப் பெரிய உடற்கூற்று நிபுணர், ஹக்ஸ்லிக்கு ஆரம்பத்தில் சிபாரிசுக் கடிதமெல்லாம் கொடுத்தவர். ஆனால் 1852-லேயே, தன் கட்டுரை ஓவன் கைக்குப் போனால் வெளியே வராது என்று ஹக்ஸ்லி பயந்தார். இது கருத்தின் மேல் வருகிற ஐயம் இல்லை, ஆளின் மேல் வருகிறது. ஆங்கிலத்தில் இதற்குத்தான் டிஸ்ட்ரஸ்ட். பின்னால் ஓவன், மனித மூளையில் மட்டும் இருக்கிற ஒரு பகுதி குரங்குக்குக் கிடையாது, ஆகவே மனிதன் தனி வகுப்பு என்று அறிவித்தபோது, ஹக்ஸ்லியும் வேறு சிலரும் குரங்கு மூளைகளை ஒவ்வொன்றாக அறுத்து அந்தப் பகுதி அங்கேயும் இருப்பதைக் காட்டினார்கள். சண்டை இரண்டு வருஷம் நடந்தது, பத்திரிகைகள் அதை வைத்துக் கேலிப் பாட்டெல்லாம் போட்டன. ஹக்ஸ்லி சொன்னது சரி. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் பழைய கணக்கும் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1860 ஜூன் 30 ஆக்ஸ்ஃபோர்டு சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. பிஷப் வில்பர்ஃபோர்ஸ் உங்கள் குரங்குப் பாட்டன் எந்த வழி என்கிற மாதிரி ஹக்ஸ்லியைக் கிண்டல் செய்ய, ஹக்ஸ்லி ஒரே பதிலில் அவரைச் சாய்த்தார் என்று கதை. அங்கே யாரும் வார்த்தைக்கு வார்த்தை குறிப்பு எடுத்து வைக்கவில்லை. இன்று சுற்றும் டயலாக்கெல்லாம் பின்னால் நினைவிலிருந்து எழுதியவை. அங்கிருந்த தாவரவியலாளர் ஹூக்கர், பிஷப்பைத் தான்தான் நன்றாக மடக்கினதாக டார்வினுக்கு எழுதியிருக்கிறார். அதனால் அந்த மாஸ் சீனைப் பாதி நம்பினால் போதும்.

அந்த வருஷம் செப்டம்பரில் நடந்ததுதான் அவரைப் புரிந்துகொள்ள முக்கியம். மூத்த மகன் நோயல். நாலு வயது முடியக்கூட இல்லை. ஸ்கார்லெட் ஜுரம், செப்டம்பர் 15-ல் குழந்தை போய்விட்டது. ஹென்ரியட்டா அடுத்த குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார், நாவலும் எழுதுபவர், ஆறுதலாகக் கடிதம் எழுதினார். இறந்த பிறகும் உயிர் உண்டு, மகனை மறுபடி பார்க்கலாம் என்கிற நம்பிக்கையை ஏற்கலாமே என்பது அதன் சாரம். எட்டு நாள் கழித்து ஹக்ஸ்லி எழுதிய பதில் மிக நீளமானது. சாவுக்குப் பிறகு உயிர் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது என்று நம்பவும் காரணம் கிடைக்கவில்லை, பொய் என்று காட்டவும் வழியில்லை என்றார். எனக்கு ஆசையாக இருக்கிறது என்பதே அது உண்மை என்பதற்கு ஆதாரம் ஆகிவிடாது. ஆசை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் ஆதாரத்தை அதிகமாகக் கேட்கவேண்டும். சவக்குழி பக்கத்தில் நின்றபோது பாதிரியார் வாசித்த வேத வரிகள், மறுமை இல்லையென்றால் இஷ்டப்படி தின்று குடித்து வாழலாம் என்கிற பொருளில் இருந்தன. அது தன்னைப் புண்படுத்தியது என்றும் எழுதினார். மறுமை இல்லாவிட்டால் மகனுக்காக அழுகிற அழுகைக்கு மதிப்பில்லாமல் போய்விடுமா என்ன?

கடிதம் பூரா கோபம் இல்லை. கிங்ஸ்லி கடைசி வரை நண்பராகவே இருந்தார். ஆனால் இப்படி ஒரு நிலையில் நிற்கிற ஆளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஏதீஸ்ட் என்றால் கடவுள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர். இவர் அப்படிச் சொல்லவில்லை. இன்ஃபிடல் என்றால் விசுவாசம் கெட்டவன், அது திட்டு. ஸ்கெப்டிக் பரவாயில்லை, மூலத்தில் உற்றுப் பார்ப்பவன் என்றுதான் பொருள். ஆனால் புழக்கத்தில் எதைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குகிறவன் என்று ஆகிப்போன சொல். டவுட் என்பது போய் வருகிற ஒரு மனநிலை, அங்கேயே குடியிருப்பவருக்குப் பெயர் ஆகாது.

ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பெயர் வந்தது. 1869-ல் லண்டனில் மெடாஃபிசிக்கல் சொசைட்டி என்று ஒரு விவாதக் குழு உருவானது. கவிஞர் டென்னிசன், அரசியல்வாதி கிளாட்ஸ்டன், கத்தோலிக்கப் பேராயர் மேனிங் என்று பெரிய தலைகள். அங்கே ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒரு ‘இஸ்ட்’ இருந்தது. தனக்கு மட்டும் லேபிள் இல்லை, வால் இழந்த நரி மாதிரி இருந்தது என்று ஹக்ஸ்லி பின்னால் எழுதினார். கிறிஸ்தவத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் எல்லா ரகசியமும் தங்களுக்குத் தெரியும் என்ற நாஸ்டிக் கூட்டங்கள் இருந்தன. அதற்கு எதிர்ப்பதமாக முன்னால் ஒரு ‘அ’ போட்டார். அக்னாஸ்டிக். தெரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளாதவன். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

இந்தச் சொல் பிறந்த கதைக்கே இரண்டு வெர்ஷன் இருக்கிறது. ஹட்டன் என்ற பத்திரிகை ஆசிரியர், ஏதென்ஸில் முன்பின் தெரியாத கடவுளுக்கு ஒரு பலிபீடம் இருந்ததாக பைபிளில் வருகிறதே, அதிலிருந்துதான் ஹக்ஸ்லி எடுத்தார் என்கிறார். ஹக்ஸ்லி சொல்வது மேலே உள்ளது. இன்னொரு வேடிக்கை: கிரேக்க ‘க்னோசிஸ்’, நம்ம ‘ஞானம்’ இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அக்னாஸ்டிக்கை அப்படியே துண்டு துண்டாக மாற்றினால் அஞ்ஞானி என்று வரும். வேர் ஒன்று, அர்த்தம் நேர் எதிர். அஞ்ஞானிக்குத் தனக்குத் தெரியாது என்பதே தெரியாது.

நம்மில் பலர் குழப்பிக்கொள்கிற ஒரு ஜோடிக்கும் ஹக்ஸ்லி வாழ்க்கையிலேயே உதாரணம் இருக்கிறது. ஆவிகளோடு பேசுவது அன்றைய லண்டனில் பெரிய ஃபேஷன். 1874-ல் டார்வினின் மகன் ஜார்ஜோடு, தான் யார் என்று சொல்லாமல், ஹக்ஸ்லி அப்படி ஒரு இருட்டறைக் கூட்டத்துக்குப் போனார். மீடியமாக உட்கார்ந்த ஆள் ஏமாற்றுக்காரன் என்று டார்வினுக்கு அறிக்கை கொடுத்தார். உள்ளே போகும்போது, அவன் நேர்மையானவனா என்று அவர் டவுட் பண்ணினார். அவன் ஏமாற்றுகிறான் என்று சஸ்பெக்ட் பண்ணினார். டவுட் பண்ணினால் அது இல்லை என்ற பக்கம் சாய்கிறோம், சஸ்பெக்ட் பண்ணினால் இருக்கிறது என்ற பக்கம். அவன் காப்பி அடிக்கிறான் என்று டவுட் பண்ணுகிறேன் என நாம் ஆங்கிலத்தில் எழுதினால், அவன் காப்பி அடித்திருக்க மாட்டான் என்று நற்சான்றிதழ் கொடுத்ததாக ஆகும்.

சரி, மற்றவர்களைச் சோதித்தவர் தன் விஷயத்தில் எப்படி? 1868-ல், தந்திக் கேபிள் போடுவதற்காக அட்லாண்டிக் அடியிலிருந்து 1857-ல் எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்த சேற்றை ஹக்ஸ்லி மறுபடி பார்த்தார். கூழ் மாதிரி ஒரு பொருள் தெரிந்தது. கடலடி முழுக்கப் பரவியிருக்கும் ஆதி உயிர்ப்பொருளாக இருக்கலாம் என்று நினைத்து, பாத்திபியஸ் என்று பெயரும் வைத்துவிட்டார். ஜெர்மனியில் கொண்டாடினார்கள். பிறகு சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகக் கடலெல்லாம் சுற்றித் தேடியது. புதுச் சேற்றில் அந்தக் கூழ் கிடைக்கவே இல்லை. கப்பலில் இருந்த வேதியியலாளர் புக்கனன் விஷயத்தைப் பிடித்தார். கடல் நீரில் கரைந்திருக்கும் கால்சியம் சல்ஃபேட், ஆல்கஹால் சேர்த்ததும் கரையாமல் கீழே படிகிறது. உயிரும் இல்லை, ஒன்றும் இல்லை. பாட்டிலில் ஊற்றிய ஆல்கஹால் செய்த வேலை. செய்தி வந்ததும் 1875-ல் ‘நேச்சர்’ இதழில் தன் தவறுதான் என்று ஹக்ஸ்லியே வெளியிட்டார். அவருடைய எதிரிகள் இதைச் சாகும் வரை சொல்லிக் காட்டினார்கள். எனக்கு ஆக்ஸ்ஃபோர்டு சீனைவிட இது பெரிதாகத் தெரிகிறது. தான் பெயர் வைத்த உயிரைத் தானே இல்லை என்று எழுத ஒரு மனசு வேண்டும்.

அவர் செய்த இன்னொரு காரியம் ரெண்டு பக்க ஆட்களையும் குழப்பியது. 1870-ல் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பள்ளிகளில் பைபிள் வாசிப்பு இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார். மதக் கோட்பாடு சொல்லித்தரக் கூடாது, ஆனால் அந்த மொழியும் அதன் ஒழுக்கமும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும் என்பது அவர் வாதம்.

வார்த்தை மட்டும் அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடவுள் இல்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மரியாதையான சட்டையாக அக்னாஸ்டிக் ஆனது. 1888-ல் லண்டன் கிங்ஸ் காலேஜின் முதல்வர் ஹென்றி வேஸ் ஒரு திருச்சபை மாநாட்டில் அதையே குற்றச்சாட்டாக வைத்தார். அக்னாஸ்டிக் என்பதெல்லாம் சும்மா, உண்மையான பெயர் இன்ஃபிடல்தான், அதைச் சொல்லிக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று. அறுபது வயதைத் தாண்டி, உடம்பும் மனசும் தளர்ந்து, முந்தின வருஷம்தான் நோயாளி மகள் மரியனைப் பறிகொடுத்திருந்த ஹக்ஸ்லி, 1889-ல் எழுந்து உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகப் பதில் எழுதினார். அக்னாஸ்டிக் என்பது ஒரு மதமோ மதமின்மையோ இல்லை, ஒரு முறை. அறிவு எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறதோ அவ்வளவு தூரம் போ. ஆதாரம் இல்லாததை நிச்சயம் என்று சொல்லாதே. இதில் இரண்டாவது பாதியை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள், முதல் பாதிதான் உழைப்பு. வேஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அகராதிகளிலும் இரண்டு அர்த்தமும் இன்று வரை ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

1895 ஜூன் 29, ஈஸ்ட்போர்னில் ஹக்ஸ்லி இறந்தார். லண்டன் ஃபின்ச்லியில், நோயலைப் புதைத்த அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கல்லில் செதுக்கியிருக்கும் மூன்று வரி ஹென்ரியட்டா எழுதியது. கடவுளைப் பற்றியும் நிம்மதியான தூக்கத்தைப் பற்றியும் பேசுகிற வரிகள். மூன்றாவது வரி ஒரு ‘இஃப்’ போட்டுத்தான் தொடங்குகிறது.